சாக்கடைக்கு வழி வகுத்த எட்வின் சாட்விக்

இயற்கைக் கடனைக் குறிக்க நம் தாய்மொழியில் வழங்கும் சொற்கள் அடக்கமானவை. கொல்லைக்குப் போவது என்கிறோம். வெளிக்குப் போவது என்கிறோம். இச்சொற்கள் பிறந்த ஊர்களில் வீட்டின் பின்னே கொல்லை இருந்தது. ஊரைச் சுற்றி வெளியும் இருந்தது. மிச்சத்தை வெயிலும் மண்ணும் பார்த்துக் கொள்ளும் என்று மக்கள் நம்பியிருந்தனர். ஆனால், பிழைப்பை நாடி லட்சக்கணக்கானோர் ஒரே நகரில் வந்து குவியும்போது கொல்லையும் இல்லாமற் போகிறது. வெளியும் இல்லாமற் போகிறது. உழைக்க ஆள் வேண்டும் என்று அழைத்த நகரம், அந்த ஆளுக்கு உடலென்று ஒன்று உண்டு என்பதை மறந்துவிடுகிறது. சொந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்த நம்மவர்க்கு இவ்வுண்மை புதிதன்று.

இந்தச் சங்கடத்தை உலகில் முதன்முதலாகப் பேரளவில் சந்தித்த நாடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்து. அதனைக் கணக்கெடுத்துச் சட்டமன்றத்தின் முன் வைத்தவர்களுள் முதன்மையானவர் எட்வின் சாட்விக். அவர் மருத்துவர் அல்லர். பொறியியல் வல்லுநரும் அல்லர். மக்களின் அன்பைப் பெற்ற தலைவரும் அல்லர். உண்மையில், அவர் காலத்து ஏழைகள் பலர் அவர் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தனர். நோய் பரவும் விதத்தைப் பற்றி அவர் கொண்டிருந்த கொள்கையும் பிழையானது. இவ்வளவு குறைகளும் உடைய ஒருவர் கோடிக்கணக்கான உயிர்களுக்கு நன்மை செய்த வரலாறு, நாம் அறிந்து கொள்ளத்தக்க வரலாறேயாகும்.

இளமையும் கல்வியும்

சாட்விக் 1800-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள், மான்செஸ்டர் நகரை அடுத்த லாங்சைட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் சாட்விக் சீர்திருத்த நாட்டமுடைய பத்திரிகையாளர். சிறுவன் எட்வின் தாயை இளமையிலேயே இழந்தான். 1810-ஆம் ஆண்டளவில் குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர் சட்டம் பயின்று, 1830-இல் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். படிப்புச் செலவுக்காகப் பத்திரிகைகளுக்கு எழுதினார். வழக்கு மன்றத்தைவிட எழுத்தே அவருக்கு வழி திறந்தது.

1828-இல் ஆயுள் காப்பீட்டைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். மனிதனுடைய ஆயுள் விதியால் மட்டும் முடிவாவதன்று. அவன் வாழும் இடமும் சூழ்நிலையும் அதனைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவை என்பது அக்கட்டுரையின் கருத்து. இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம். நோயும் மரணமும் தெய்வ சித்தம் என்று பெரும்பாலோர் எண்ணியிருந்த அக்காலத்தில் இது துணிவான எண்ணமே. அவருடைய பிற்கால வாழ்வு முழுவதற்கும் இதுவே வித்து எனலாம்.

அக்கட்டுரைகள் ஜெரமி பெந்தம் என்னும் தத்துவ ஞானியின் கவனத்தை ஈர்த்தன. மிகப் பலருக்கு மிகுந்த நன்மை தருவதே நல்ல சட்டம் என்று போதித்த அறிஞர் அவர். அவருடைய முதிய வயதில் சாட்விக் அவருக்குச் செயலாளராகி, அவர் இல்லத்திலேயே தங்கினார். 1832-இல் பெந்தம் காலமானார். சீடருக்கு அவர் விட்டுச் சென்ற பொருளைக் காட்டிலும் பெரிய சொத்து ஒன்றுண்டு. எதனையும் எண்ணிப் பார், அளந்து பார், பிறகு சட்டம் செய் என்னும் மனப்பாங்கே அது.

ஏழையர் சட்டம் என்னும் களங்கம்

சாட்விக்கின் வாழ்க்கையை எழுதுபவர் மறைக்கக் கூடாத பகுதி ஒன்று உண்டு. 1832-இல் ஏழைகளுக்கு அளிக்கும் உதவியை ஆராய அரசாங்கம் ஒரு கமிஷனை நியமித்தது. அதில் சாட்விக் சேர்ந்தார். அதன் அறிக்கையின் பெரும்பகுதியை வகுத்தவர்களுள் ஒருவரானார். அதன் விளைவாக 1834-இல் புதிய ஏழையர் சட்டம் வந்தது. உடல் வலிமையுள்ளவன் உதவி கேட்டால் உழைப்பு விடுதிக்குள் வந்தாக வேண்டும். அங்கே வாழ்வு வெளியே உள்ள மிகத் தாழ்ந்த கூலிக்காரன் வாழ்வைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. விடுதியில் கணவனும் மனைவியும் பிரிக்கப்பட்டனர்; பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். ஆண்டோவர் என்னும் ஊரின் விடுதியில், எருவுக்காக எலும்பை உடைக்கப் பணிக்கப்பட்டவர்கள் பசி தாளாமல் அவ்வெலும்பையே கடித்துத் தின்றனர் என்ற செய்தி 1845-இல் வெளிவந்தபோது நாடே பதறியது.

விடுதிகளில் நடந்த கொடுமை யாவற்றையும் சாட்விக்கின் தலையில் ஏற்றுவது நியாயமன்று. அவர் விரும்பியபடி அச்சட்டம் நடத்தப்படவில்லை என்று அவரே குறைகூறி வந்தார். எனினும், வறுமை பெரும்பாலும் சோம்பலின் பயன் என்ற எண்ணம் அச்சட்டத்தில் ஓடியதை மறுக்க இயலாது. மாறாக, 1833-இல் ஆலைத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த கமிஷனிலும் அவர் பணியாற்றினார். அவ்வாண்டுச் சட்டம் நெசவாலைகள் பெரும்பாலானவற்றில் 9 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கலாகாது என்று விதித்து, அதனைக் கண்காணிக்க அதிகாரிகளையும் நியமித்தது.

சாட்விக் ஏழையர் சட்டக் கமிஷனின் செயலாளராக அமர்ந்தார். கமிஷனர் பதவியை எதிர்பார்த்த அவருக்கு அது ஏமாற்றமே. ஆனால் அந்த நாற்காலியில் இருந்தபோதுதான் ஒரு கணக்கு அவர் கண்ணில் பட்டது. அது அவருடைய எண்ணப் போக்கையே மாற்றியது.

ஒரு கணக்குப் புத்தகம் கற்பித்த பாடம்

1838-இல் கிழக்கு லண்டனில் விஷக் காய்ச்சல் பரவியது. குடும்பத் தலைவன் இறந்தால் விதவையும் பிள்ளைகளும் ஏழை வரியிலிருந்து உதவி பெற வேண்டியவர்களாகின்றனர். ஆகவே, காய்ச்சலுக்குக் காரணமான குப்பையையும் தேங்கிய சாக்கடையையும் அகற்றச் சில வட்டாரத்தார் அந்த வரிப்பணத்தில் செலவு செய்தனர். சட்டத்தில் இடமில்லை என்று தணிக்கையாளர் அச்செலவை மறுத்தனர். வேறோர் அதிகாரியாயின் அத்துடன் கோப்பை மூடியிருப்பார். சாட்விக் மூடவில்லை. ஆர்னாட், கே, சவுத்வுட் ஸ்மித் என்ற மூன்று மருத்துவர்களை அனுப்பி, காய்ச்சலுக்கும் அழுக்குக்கும் உள்ள உறவை ஆராயச் செய்தார். மறு ஆண்டு, இந்த ஆராய்ச்சியை நாடு முழுவதற்கும் விரிவாக்கப் பிரபுக்கள் சபை கேட்டுக் கொண்டது.

அக்கால நகரங்களின் நிலையை இன்று எண்ணிப் பார்ப்பதும் எளிதன்று. ஆலைகள் அழைத்தன, கிராமங்கள் காலியாகி நகரங்கள் நிரம்பின. முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள் எழுந்தன; அவற்றிற்குப் பின்வாசலே கிடையாது. நடுவே ஒரு சிறு முற்றம். முற்றத்து மூலையில் எல்லார்க்கும் பொதுவாக ஒரு கழிப்பிடம். அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. மான்செஸ்டரில் பார்லிமெண்ட் தெரு என்ற ஒரு தெருவில் 380 பேருக்கு ஒரே கழிப்பிடம் இருந்ததாக மேற்கூறிய மருத்துவர் கே 1832-இலேயே பதிவு செய்திருந்தார். அதே நகரின் ஒரு பகுதியில் 7,000-க்கு மேற்பட்டோர்க்கு 33 கழிப்பிடங்களே இருந்தன என்று 1840-களின் விசாரணையில் தெரிய வந்தது. ஒரு கழிப்பிடத்துக்கு இருநூறுக்கு மேற்பட்ட மனிதர்! விடியுமுன் ஆலைச் சங்கு ஊதும். அதற்குள் இத்தனை பேரும் என்ன செய்வர்? பெண்களும் நோயாளிகளும் என்ன செய்வர்? வாளியும் தெருவோரமும்தான் விடை.

கழிப்பிடம் இருந்த இடத்திலும் அதன் கீழே இருந்தது வெறும் குழி. அதனை இரவில் வந்து அள்ளிச் செல்லக் கூலியாட்கள் இருந்தனர். ஆனால் அக்கூலியைக் கொடுக்க வாடகைக்காரனிடம் பணமில்லை, வீட்டுக்காரனுக்கு மனமில்லை. குழி நிரம்பி வழிந்தது. சுவரின் வழியே அண்டை வீட்டுத் தரையில் ஊறியது. அருகிலிருந்த கிணற்றிலும் இறங்கியது. தெருவுக்கு அடியில் சாக்கடைகள் சில இருந்தன என்றால், அவை மழை நீருக்காகக் கட்டப்பட்டவை. லண்டனில் 1815 வரையில் வீட்டுக் கழிவை அவற்றில் விடுவதே சட்ட விரோதமாயிருந்தது. தண்ணீரோ, வியாபாரக் கம்பெனிகளின் கையில் இருந்தது. ஏழைகளின் தெருக்களில் பொதுக் குழாய் ஒன்று, அதுவும் வாரத்தில் சில நாட்கள், நாளில் சிறிது நேரம் மட்டுமே ஓடும். குழாயடியில் நின்று பாத்திரம் பிடித்தவர் எவரும் இக்காட்சியைப் புரிந்து கொள்வர்.

1842-ஆம் ஆண்டு அறிக்கை

மூன்றாண்டு உழைப்பின் பயனாக, உழைக்கும் மக்களின் சுகாதார நிலையைப் பற்றிய அறிக்கை 1842-இல் வெளிவந்தது. தண்ணீர்க் கம்பெனிகளையும் சாக்கடை மன்றங்களையும் அது கடுமையாகத் தாக்கியமையால், கமிஷனர்கள் தங்கள் பெயரை அதில் இட மறுத்தனர். சாட்விக் தம் பெயரிலேயே வெளியிட்டார். அரசாங்க அறிக்கை என்றால் அலமாரியில் உறங்குவது வழக்கம். இதுவோ பல்லாயிரம் பிரதிகள் மக்கள் கையில் சென்றது.

அதில் உள்ள ஓர் அட்டவணை புகழ் பெற்றது. மான்செஸ்டரில் இறந்தவர்களின் சராசரி வயது, கனவான் குடும்பங்களில் 38. வியாபாரிகள் குடும்பங்களில் 20. தொழிலாளர் குடும்பங்களில் 17. ரட்லண்ட் என்ற நாட்டுப்புறப் பகுதியிலோ, அதே மூன்று வகுப்பாருக்கு முறையே 52, 41, 38. அதாவது, நாட்டுப்புறத்துக் கூலிக்காரன் குடும்பத்துக்குக் கிடைத்த ஆயுளே நகரத்துச் செல்வன் குடும்பத்துக்கும் கிடைத்தது. தொழிலாளர் எல்லாரும் 17 வயதில் மாண்டனர் என்று இதற்குப் பொருளன்று. பிறந்த குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டவை ஐந்து வயது நிரம்புமுன் இறந்தமையால் சராசரி அவ்வாறு தாழ்ந்தது. கிராமத்தைவிட நகரத்தில் கூலி அதிகம். ஆகவே, ஏழைமை மட்டுமே இம்மரணங்களுக்குக் காரணமாக இருக்க முடியாது. வாழும் இடமும் காரணம் என்று சாட்விக் வாதித்தார்.

மற்றொரு கணக்கும் அதில் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏழை வரியிலிருந்து உதவி பெற்ற விதவைக் குடும்பங்கள் சுமார் 43,000. தந்தையை இழந்த பிள்ளைகள் 1,12,000. இக்குடும்பத் தலைவர்களுள் பெரும்பாலோரைக் கொண்டுசென்றவை தடுக்கக்கூடிய நோய்களே. அழுக்கினாலும் காற்றோட்டமின்மையாலும் ஆண்டுதோறும் நேரும் உயிர்ச்சேதம், அண்மைக் காலத்தில் அந்நாடு நடத்திய எந்தப் போரிலும் நேர்ந்த சேதத்தைவிட அதிகம் என்ற முடிவுக்கும் அவர் வந்தார்.

இங்கேதான் சாட்விக்கின் எண்ணத்தில் நேர்ந்த மாறுதலைக் காண்கிறோம். எட்டு ஆண்டுகளுக்கு முன், வறியவன் தன் குணக்கேட்டால் வறியவனானான் என்ற சட்டத்தை வகுத்தவர் அவர். இப்போதோ, நோய் அவனை வறியவனாக்குகிறது, அந்நோயைச் சாக்கடை இல்லாத தெரு உண்டாக்குகிறது என்று எழுதினார். குடிப்பழக்கமும் ஒழுங்கீனமும் அழுக்கான வீட்டின் விளைவுகளாகவும் இருக்கலாம் என்றார். இரக்கத்தால் அவர் இம்முடிவுக்கு வரவில்லை, கணக்கால் வந்தார். ஒரு சாக்கடை வெட்டும் செலவு, ஒரு விதவையின் குடும்பத்தைப் பல ஆண்டு காப்பாற்றும் செலவைவிடக் குறைவு என்பதே அவர் வாதம். இரக்கத்துக்கு இளகாத சட்டமன்றம் இந்தக் கணக்குக்குச் செவி கொடுத்தது.

குழாயும் நீரும்

நோயைக் கண்டதோடு அவர் நிற்கவில்லை, மருந்தும் சொன்னார். நம் உடலில் இரத்தம் ஓடுவது போல நகரத்திலும் நீர் ஓட வேண்டும். தூய நீர் குழாய் வழியே ஒவ்வொரு வீட்டுக்கும் இடைவிடாது வரவேண்டும். அந்நீரே கழிப்பிடத்தைக் கழுவிக் கழிவைச் சிறு குழாய் வழியே ஊருக்கு வெளியே கொண்டு செல்லவேண்டும். அங்கே அது வயலுக்கு எருவாக வேண்டும். இவ்வளவையும் ஒரே அதிகாரம் செய்ய வேண்டும். நீர் ஒருவர் கையிலும் சாக்கடை மற்றொருவர் கையிலும் இருந்தால் இரண்டும் கெடும். இதுவே அவருடைய திட்டம்.

அக்காலத்துச் சாக்கடைகள் செங்கல்லாற் கட்டிய, தட்டையான அடியுடைய பெரிய சுரங்கங்கள். அகன்ற தரையில் கொஞ்சம் நீர் பரந்து ஓடுகையில் வேகம் குன்றும், கழிவு படியும், பிறகு ஆள் இறங்கி அள்ள வேண்டும். ஜான் ரோ என்ற லண்டன் பொறியாளர் முட்டை வடிவச் சாக்கடையைக் கையாண்டு வந்தார். கீழ்ப்பக்கம் குறுகியிருப்பதால் சிறிதளவு நீரும் ஆழமாகவும் விரைவாகவும் ஓடித் தன்னைத் தானே கழுவிக் கொள்ளும். சாட்விக் இம்முறையையும், உட்புறம் வழவழப்பாக மெருகிட்ட மண்குழாய்களையும் ஊக்கத்துடன் ஆதரித்தார். மனிதன் இறங்க வேண்டாத சாக்கடை என்பது அன்றே கருதப்பட்ட இலட்சியம் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

சட்டமும் சரிவும்

பல ஆண்டு வாதங்களுக்குப் பின், 1848-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. மத்திய சுகாதார மன்றம் ஒன்று ஏற்பட்டது. சாட்விக் அதன் உறுப்பினருள் ஒருவர். பிரபு ஷாஃப்ட்ஸ்பரியும் மருத்துவர் சவுத்வுட் ஸ்மித்தும் உடனிருந்தனர். ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 23-க்கு மேல் மரணம் நிகழும் ஊரில், ஊரார் விரும்பினும் விரும்பாவிடினும், சுகாதார மன்றம் அமைக்கலாம் என்றது சட்டம். அது செல்லும் ஊர்களில் கழிப்பிடம் இல்லாமல் புதிய வீடு கட்டலாகாது என்றும் விதித்தது. சில ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் சட்டத்தின் கீழ் வந்தன.

அதே ஆண்டு காலரா இங்கிலாந்தில் மீண்டும் புகுந்தது. சாட்விக்கும் அக்கால அறிஞர் பெரும்பாலோரும் நோய் துர்நாற்றத்தின் வழியே, கெட்ட காற்றின் வழியே பரவுகிறது என்று நம்பினர். நாற்றம் எங்கே உண்டோ அங்கே நோய். ஆகவே நாற்றத்தை உடனே அகற்ற வேண்டும். லண்டன் சாக்கடை மன்றத்தின் கட்டளைப்படி குழிகள் மூடப்பட்டன. சாக்கடைகள் நீர் பாய்ச்சிக் கழுவப்பட்டன. அழுக்கு எல்லாம் தேம்ஸ் நதியில் விழுந்தது. அந்நதியிலிருந்துதான் பல கம்பெனிகள் குடிநீர் எடுத்து விற்றன! வீட்டு மூலையில் இருந்த விஷம் குடிநீர்க் குடத்துக்கு வந்து சேர்ந்தது. 1848-49 காலராவில் லண்டனில் மட்டும் சுமார் 14,000 பேர் மாண்டனர். நல்ல எண்ணம், அரைகுறை அறிவோடும் அவசரத்தோடும் கூடினால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

உண்மையைக் கண்டவர் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர். 1854-இல் பிராட் தெருக் கிணற்றைச் சுற்றி நிகழ்ந்த மரணங்களை வீடு வீடாக ஆராய்ந்து, காலரா நீரின் வழியே பரவுகிறது என்று காட்டினார். அசுத்தமான இடத்தில் தேம்ஸ் நீரை எடுத்த கம்பெனியின் வாடிக்கையாளரிடையே 10,000 வீடுகளுக்கு 315 மரணங்களும், நதியின் மேற்பகுதிக்குச் சென்று நீர் எடுத்த கம்பெனியின் வாடிக்கையாளரிடையே 37 மரணங்களுமே நேர்ந்தன என்று கணக்கிட்டார். பிராட் தெருக் கிணற்றில் கசிந்ததும் ஒரு வீட்டின் கழிவுக் குழியே என்பது பின்னர் அறியப்பட்டது. சாட்விக் இந்த முடிவை ஏற்கவில்லை. 1884-இல் ராபர்ட் கோக் நம் கல்கத்தாவிலே காலராக் கிருமியை ஆராய்ந்து நிலைநாட்டிய பின்னும், அவர் தம் பழைய நம்பிக்கையைக் கைவிட்டாரில்லை.

இதற்குள் அவருடைய பதவி போய்விட்டது. அவர் பேச்சில் இனிமை இல்லை. பிறர் கருத்துக்கு இடங்கொடுக்கும் பொறுமை இல்லை. தண்ணீர்க் கம்பெனிகள் வெறுத்தன, வீட்டுச் சொந்தக்காரர் வெறுத்தனர், வரி உயரும் என்று அஞ்சிய வட்டாரச் சபையார் வெறுத்தனர், பொறியாளர்களும் வெறுத்தனர். 1854-இல் பார்லிமெண்ட் சுகாதார மன்றத்தைப் பழையபடி தொடர மறுத்தது. ஆண்டுக்கு 1,000 பவுன் உபகாரச் சம்பளத்துடன் சாட்விக் 54-ஆம் வயதில் வீடு திரும்பினார். பிறகு எந்த அரசாங்கப் பதவியும் அவருக்குக் கிட்டவில்லை. பார்லிமெண்டுத் தேர்தலிலும் நின்று தோற்றார்.

அவர் போனபின் வந்த வெற்றி

நான்கு ஆண்டு கழித்து, 1858 கோடையில், தேம்ஸ் நதியின் நாற்றம் சட்டமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. உறுப்பினர் உட்கார முடியவில்லை. ஏழைகளின் தெருவில் அரை நூற்றாண்டாய் வீசிய நாற்றம் தங்கள் மூக்கை எட்டியவுடன், சில வாரங்களிலேயே சட்டம் இயற்றினர். ஜோசப் பாசல்ஜெட் என்ற பொறியாளர், கழிவு நீரை நதியில் விழாமல் இடைமறித்து நகருக்குக் கிழக்கே கொண்டு செல்லும் மாபெரும் சாக்கடைகளைக் கட்டினார். 1866-இல் காலரா மறுபடி வந்தபோது, அவ்வேலை இன்னும் நிறைவுறாத கிழக்கு லண்டனையே அது பெரிதும் தாக்கியது. அதன்பின் அந்நகரில் காலரா கொள்ளைநோயாக வரவில்லை. 1875-இல் வந்த விரிவான பொதுச் சுகாதாரச் சட்டம், சாட்விக் தொடங்கியதை நாடெங்கும் நிலைநிறுத்தியது.

நம் நாட்டுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. இந்தியாவில் இருந்த படையில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 69 பேர் மாண்டு வந்ததை ஆராய 1859-இல் ஒரு ராயல் கமிஷன் அமைந்தது. அதற்கு உயிராக நின்றவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். சாட்விக் அவருக்கு நெடுங்கால நண்பராகவும் துணையாகவும் இருந்தார். அதன் பயனாக 1864-இல் சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் கமிஷன்கள் ஏற்பட்டன. சாட்விக்கின் மகன் ஆஸ்பர்ட் பொறியாளராகி, 1882-இல் ஹாங்காங் நகரின் சுகாதார நிலையை ஆராய்ந்து அறிக்கை எழுதினார்.

முதியவரான சாட்விக் ஓயாமல் எழுதிக்கொண்டும் கூட்டங்களில் பேசிக்கொண்டும் இருந்தார். 1889-இல் அரசாங்கம் அவருக்கு சர் பட்டம் அளித்தது. அடுத்த ஆண்டு, 1890 ஜூலை 6-ஆம் நாள், தம் 90-ஆம் வயதில் காலமானார்.

நமக்கு எஞ்சிய கடன்

இவ்வாழ்க்கையிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? கழிப்பிடத்தின் சுவரும் கூரையும் மட்டும் சுகாதாரமாகா. அங்கே நீர் வேண்டும், கழிவு செல்ல வழி வேண்டும், சென்று சேரும் இடமும் தூயதாக வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், சாட்விக் காலத்து லண்டனைப் போல, ஒருவர் வீட்டுத் துன்பம் மற்றொருவர் வீட்டுக்கு இடம் மாறுமேயன்றி ஒழியாது.

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, நம் நாட்டு நகரங்களில் 100 குடும்பங்களுள் சுமார் 19 குடும்பங்களுக்கு வீட்டில் கழிப்பிடம் இல்லை. அவற்றுள் 6 குடும்பங்கள் பொதுக் கழிப்பிடத்தை நாடின. ஏறக்குறைய 13 குடும்பங்கள் திறந்த வெளியையே நாடின. 2014-இல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கிய பின் நாடெங்கும் ஏராளமான கழிப்பிடங்கள் எழுந்துள்ளன. அது பெரும் பணியே. எனினும், நீர் வராத கழிப்பிடமும், பூட்டிக் கிடக்கும் கழிப்பிடமும், இரவில் பெண்கள் செல்ல அஞ்சும் கழிப்பிடமும் கணக்கில் ஒன்றாகுமே தவிரப் பயனில் ஒன்றாகா.

மனிதர் இறங்க வேண்டாத சாக்கடையை இங்கிலாந்து கனவு கண்டு ஒன்றே முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்க நம் நாட்டில் 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்தன. சாக்கடையில் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு அளிக்க வேண்டிய தொகையை உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் ரூபாயென்றும், 2023-இல் 30 லட்சம் ரூபாயென்றும் நிர்ணயித்தது. தொகை உயர்ந்திருக்கிறது என்பதிலிருந்தே சாவு நிற்கவில்லை என்பது விளங்கும்.

காலனியில் வாழும் நாம் சாட்விக் ஆகிவிட முடியாது. ஆனால் அவரைப் போல எண்ணிப் பார்க்க முடியும். விடியற்காலையில் பால் கொண்டு வருபவர், பாத்திரம் துலக்க வரும் அம்மாள், வாயிற்காவலர், காய்கறி வண்டிக்காரர், தெருக் கூட்டுபவர் ஆகியோர் நம் வாசலில் எத்தனை மணி நேரம் உழைக்கின்றனர்? அந்நேரத்தில் அவர்கள் செல்ல இடம் எங்கே உள்ளது? நம் வீட்டுத் தரையைத் துடைக்கும் பெண்மணிக்கு நம் வீட்டுக் கழிப்பறை மறுக்கப்படுமானால், அது பணமின்மையால் நேர்ந்த குறையன்று, மனமின்மையால் நேர்ந்ததே. ஒவ்வொரு காலனியின் வாயிலிலும், ஆணுக்கு ஒன்றும் பெண்ணுக்கு ஒன்றுமாக, நீரும் விளக்கும் உட்புறத் தாழ்ப்பாளும் உள்ள இரு கழிப்பறைகளை அமைத்து, அவற்றைத் தூய்மையாக வைக்கும் செலவைக் குடியிருப்போர் பகிர்ந்து கொள்வது பெரிய காரியமன்று. ஒரு குடும்பத்துக்கு மாதம் என்ன செலவாகும் என்பதைச் சங்கத்து அன்பர்கள் அமர்ந்து கணக்கிட்டுப் பார்க்கலாம். சாட்விக்கும் ஒரு கணக்குப் புத்தகத்திலிருந்துதான் தொடங்கினார்.